தகப்பனின் உயரம்

"ஒரு மீட்டர் எழுபத்தைந்தோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ!" நேசமலர் அக்காவின் குரல் மைதானத்தின் மறுகரை வரை போகிறது. "மெல்லமாக் கதையுமப்பா, பிள்ளையின்ர இடம் போயிடும்" என்கிறார் அவவின் புருஷன் ஸ்ரீதரன் அண்ணை. ஹனோவர் உதைபந்தாட்டக் கழகமொன்று எங்கள் ஹம் நகரத்துக்கு ஆள் தெரிவு செய்ய வந்திருக்கிறது. கோல் காக்கிற அவர்களின் மகள் யதுசாவுக்குப் பதின்மூன்று வயது. இனி எவ்வளவு வளருவாள் என்று கணக்குப் பார்க்க, படிவத்தில் தாய் தகப்பனின் உயரம் கேட்டிருக்கிறார்கள். நான் வேலிக்கு இப்பால் சும்மாதான் நிற்கிறேன், காதுக்குத்தான் வேலை. மாலை வெயில் ஈரப்புல்லில் சரிந்து கிடக்கிறது. அண்ணையின் பேனை அந்தக் கட்டத்துக்கு மேலே நிற்கிறது, குதிகால் தன்பாட்டில் எழும்புகிறது. தெரிவு செய்ய வந்த ஜெர்மன்காரி இவர்களைப் பார்க்கவேயில்லை. அங்கே யதுசா பாய்ந்து வந்து, தன்னைவிட ஒரு தலை உயர்ந்தவளின் காலடியில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுகிறாள். ஜெர்மன்காரி குறிப்பேட்டில் ஏதோ எழுதுகிறா. அதைப் பார்த்துவிட்டு அண்ணையும் குனிந்து எழுதுகிறார்: நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர். ஆவணியில் யதுசா தெரிவாகி ஹனோவருக்குப் போனாள். சமைத்துக் குடுக்கவென்று அக்காவும் கூடவே போய்விட்டா. அண்ணை மட்டும் ஹம்மில், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவர்களைப் பார்க்க ரயிலேறுகிறார்.