அறுபத்துநாலில் ரெண்டு

"கவர்ல அறுபத்துநாலு ஜிபி. உள்ள இருக்கிறது ரெண்டு ஜிபி. இதுக்குப் பேரு வியாபாரமா, திருட்டா?"

விமல்ராஜ் பென்டிரைவை மேஜைமேல் வீசினான். இன்னொரு கையில் செல்போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் சுகாசினி கம்ப்யூட்டர் கடை போட்டு இன்னும் வருஷம் திரும்பவில்லை. இந்த வீடியோ நாலு பேர் போனுக்குப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"போன ஆஃப் பண்ணுங்க சார், சொல்றேன்" என்றாள்.

"எல்லாரும் கேக்கட்டும், சொல்லு. அக்கா வூட்டு தறிக்குப் புது டிசைன் ஏத்தலாம்னு லேப்டாப்ல சொருகினா, ரெண்டு ஜிபின்னு காட்டுது. போலி சரக்குதான இது?"

"போலி இல்ல சார். தறிக்குன்னு இந்த அக்கா வூட்டு அண்ணன் கேட்டாரு, அதான்..."

"தறியப் பத்தி எனக்கே கதை வுடுறியா? டிசைன படிச்சு தறிக்குச் சொல்ற ஜக்கார்டு பாக்ஸ விக்கிறவனே நாந்தாமா. இப்ப வர்ற புது பாக்ஸ் எல்லாமே அறுபத்துநாலு ஜிபிய அசால்ட்டா எடுக்கும்."

சுகாசினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவனுக்குப் பக்கத்தில் கோபமாக நின்ற அவன் அக்கா அலமுவைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"வுடுங்க சார். பணத்தத் திருப்பிக் குடுத்துடுறேன்."

"பாத்தீங்களா, மாட்டினதும் பணம் தராளாம்" என்று போனைப் பார்த்துச் சிரித்தான் விமல்ராஜ்.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அதை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நம் ஜனங்களுக்கு வேறு அவசர வேலை இருப்பதில்லை. "முகத்தப் பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்குது" என்று ஒருவர் நியாயம் பேசினார்.

அப்போதுதான் அலமுவின் புருஷன் தர்மன் வண்டியை நிறுத்திவிட்டு வேகமாக வந்தார். பில்லை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அலமு போன் செய்திருந்தாள்.

"மச்சான், இன்னாபா இது? அந்தப் பொண்ணப் போயி திட்டிக்கினு இருக்குற. நாந்தான் கேட்டு வாங்கினேன்."

"ரெண்டு ஜிபியவா மாமா?"

"ஆமாம்பா. நம்ம பாக்ஸு ரெண்டு ஜிபிக்கு மேல எத சொருகினாலும் படிக்க மாட்டேன்னுது. அவ்ளோ சின்ன பென்டிரைவு இப்ப எங்கயும் கிடைக்கல. அதான் பெருச வாங்கினேன், இந்தப் பொண்ணு உக்காந்து ரெண்டு ஜிபியா சுருக்கிக் குடுத்துச்சு. அப்புறந்தான் தறியே ஓடுது."

அலமு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"புது பாக்ஸ் எல்லாமே அறுபத்துநாலு எடுக்கும்னு இப்பதானடா சொன்ன? அப்போ புதுசுன்னு சொல்லி நீ எங்க தலையில கட்டினது இன்னா பாக்ஸு?"

விமல்ராஜ் வீடியோவை நிறுத்தினான்.

அலமு சுகாசினி பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சுதான இருந்துது? இவ்ளோ பேச்சு வாங்கிக்கினு ஏம்மா சும்மா நின்ன?"

சுகாசினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"'எங்க மச்சான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த பாக்ஸு'ன்னு அண்ணன் அன்னிக்கு அவ்ளோ பெருமையா சொன்னாருக்கா."