கைமாறாத மூட்டை

பீர்க்கன்கரணை ஏரிக்கரை கசிகிறது. சாம்பல் வெளிச்சத்தில், தன்னார்வக் குழுவினர் எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் பனியனில் வரிசையாக நின்று மணல் மூட்டைகளைக் கைமாற்றுகிறார்கள். ஷெர்வினிடமிருந்து கதிரேசன் சார் விரலோடு விரல் உரச மூட்டையை வாங்குகிறார். அடுத்து நிற்பவள் ரோஸி, ஏரிக்குக் கீழே இருக்கும் காலனிக்காரி. அவளுக்கு மட்டும் மூட்டையைக் குனிந்து தரையில் வைக்கிறார். “கைல குடுங்க சார், தண்ணி ஏறிகினே கீது” என்கிறாள் ரோஸி. “வெயிட்டும்மா. கீழ வெக்கிறேன், எடுத்துக்கோ” என்கிறார் சார், அவள் முகத்தைப் பார்க்காமல். ஷெர்வினிடம் வாங்கும்போது கனக்காத மூட்டைதான் அது. ஒவ்வொரு மூட்டைக்கும் இருவர் குனிய வேண்டியிருப்பதால் வரிசை அங்கேயே தேங்குகிறது. கசியும் இடத்தில் நிற்கும் ஹெப்சி வெறுங்கையோடு திரும்பி, “என்னாச்சு, மூட்டையே வரலயே” என்று கேட்கிறாள். இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று அடங்குகின்றன. கரைக்குள் எங்கோ மண் சரியும் சத்தம். சார் அடுத்த மூட்டையோடு குனிகிறார். தரை இருந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது, அவர் காலையும் ரோஸியின் காலையும் நனைத்துக்கொண்டு. ரோஸி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். சார் மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி, வைப்பதற்குக் காய்ந்த இடம் தேடுகிறார்.