பஸ்ஸை நிறுத்திய மருந்துக்கடை

கீழக்கரையில் ஹாஜா முகைதீனின் மருந்துக்கடைக்குள் பிற்பகல் வெயில் கண்ணாடிப் புட்டிகளின் ஊடாக விழுந்து, மேசை மேல் பழுப்பும் பச்சையுமாய்ச் சிதறிக் கிடக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் முருகேஸ்வரி, இரண்டு நாளாய் வயிற்றோட்டத்தில் துவண்டுபோன கைக்குழந்தையை மடியில் கிடத்தியபடி பெஞ்சில் இருக்கிறாள். உப்பு அரித்த அவள் விரல்கள் அதன் நெற்றியை விட்டு விலகவே இல்லை. குழந்தை அழக்கூட இல்லை. வெளியே ராமநாதபுரம் பஸ் ஹாரன் அடிக்கிறது. டாக்டர் இருப்பது அங்கேதான். அவள் பதறி எழுகிறாள்.

“பஸ்ஸு போயிரும், பாய்!”

“உக்காரு தாயி. புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு. ரெண்டு வாய் தண்ணி உள்ள போகாம அம்புட்டுத் தூரம் தாங்காது.” அவர் வாசலுக்குப் போய்க் கையை உயர்த்துகிறார். “ஏலே மருதுபாண்டி, செத்த நில்லு! உசுரு விசயம்!”

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைக்கிறான். கடல் இரைச்சல் மட்டும் கேட்கிறது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் குளுக்கோஸோடு ஒரு சிட்டிகை உப்பையும் கலக்கி, கரண்டியின் நுனியால் பிஞ்சு உதட்டை நனைக்கிறார் ஹாஜா முகைதீன். முதல் கரண்டி கடைவாயில் வழிந்துவிடுகிறது. இரண்டாவதும் வழிகிறது. “யா அல்லா” என்கிறார் மெல்ல. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் இறங்கி வாசலில் வந்து நிற்கிறார்கள். நேரமாச்சு என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது கரண்டிக்குச் சின்னத் தொண்டை அசைகிறது. அடுத்ததை ஊட்டிவிட்டு அவர் கையை எடுக்கப் பார்க்க, குழந்தை கரண்டியை உதடுகளால் இறுகப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது.