பொறுப்பு அதிகாரி

“அம்மா இன்னிக்கு லீவு.”

கோட்டாட்சியர் ஆபீஸ் டபேதார் கவுஸ் பாஷா சொன்னதும் சடையன் ஒரு அடி முன்னால் வந்தான்.

“இன்னா பாய் சொல்ற? இன்னிக்குத்தான் கடைசி நாளு. அஞ்சு மணிக்குள்ள நர்சிங் காலேஜுக்குச் சாதிச் சான்றிதழ் போயாவணும்.”

“தெரியும். பொறுப்புக்கு வேற அதிகாரி வந்திருக்காரு. அப்பிடி ஒக்காருங்க, கூப்புடுவாங்க.”

சடையன் உட்காரவில்லை. மகள் சுபஸ்ரீ பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்வராயன் மலையிலிருந்து இதோடு ஆறு தடவை பஸ் ஏறி இறங்கியாயிற்று.

முதல் தடவை வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரி ராதிகா மலைக்காரி. இவர்களைப் போலவே மலையாளிப் பழங்குடி. பக்கத்து ஊர்தான். ‘நம்ம பொண்ணு, ஒரே நாள்ல போட்டுக் குடுத்துடும்’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

அவளோ எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. தாத்தா பேர் போட்ட பட்டா கொண்டா என்றாள். உன் பள்ளிக்கூட டி.சி. கொண்டா என்றாள். எல்லாம் கொடுத்தும் பத்து நாளாகக் கையெழுத்து மட்டும் விழவில்லை.

சீட்டு போனால் ஆவணியில் தாய்மாமனுக்கே கட்டிவைத்துவிடுவதென்று வூட்டில் பேசி முடித்துவிட்டார்கள். சுபஸ்ரீ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“கோட்டாவுல மேல வந்துட்டா நம்மளையெல்லாம் கண்ணு தெரியாது” என்றான் சடையன், ஆபீஸுக்கே கேட்கும்படி. “கடைசி நாளா பாத்து லீவு போட்டுக்கினு போயிட்டா பாரு! வெளங்குவாளா அவ?”

“சும்மா இருப்பா” என்றாள் சுபஸ்ரீ.

உள்ளே கூப்பிட்டார்கள்.

பொறுப்பு அதிகாரி அரங்கநாதன் ஃபைலைப் புரட்டினார்.

“மலையாளியா? நர்சிங்கா?” சிரித்தார். “உங்களுக்கு இன்னாப்பா, எல்லாம் சும்மாவே கெடைக்குது. என் பையன் உன் பொண்ணவிட ஜாஸ்தி மார்க்கு. வூட்ல ஒக்காந்துக்கினு இருக்கான்.”

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். சுபஸ்ரீ சுவரைப் பார்த்தாள்.

அவர் ஒரு காகிதத்தையும் படிக்கவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சடையன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

“நீங்க தெய்வம் சாமி! எங்க சாதிக்காரி செய்யாதத நீங்க செஞ்சீங்க. அவ நல்லாவே இருக்க மாட்டா.”

அரங்கநாதன் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் கவுஸ் பாஷா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்தம்மாவுக்குச் சாபம் வுடாதய்யா.”

“பின்ன இன்னா பாய்? இவரு ஒரு நிமிஷத்துல போடலியா?”

“இவரு போடலாம். இவரு போட்டா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். போன வருசம் அந்தம்மா மூணு மலைப் புள்ளைங்களுக்குப் போட்டுக் குடுத்துச்சு. எல்லாம் சரியான கேசுதான். ‘மலைக்காரி மலைக்காரனுக்கு அள்ளிக் குடுக்கறா’ன்னு மொட்டக் கடுதாசி போட்டாங்க. மூணு சான்றிதழையும் விசாரணைன்னு நிறுத்தி வெச்சிட்டாங்க. ரெண்டு பேரு படிப்ப வுட்டுட்டு செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. விசாரணை இன்னும் முடியல.”

சடையன் கையிலிருந்த சான்றிதழை விரித்து அரங்கநாதனின் கையெழுத்தைப் பார்த்தான்.

“உன் ஃபைல எடுக்கும், வெச்சிடும். பத்து நாளா அதே வேலை. நேத்து சாயந்தரம் லீவு எழுதி என் கையில குடுத்துச்சு.”

“ஏன்?” என்றாள் சுபஸ்ரீ.

கவுஸ் பாஷா அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“‘நான் அந்த நாற்காலியில இல்லாம இருந்தாத்தான் பாய், அந்தப் புள்ள படிக்க முடியும்’னுச்சு.”