கிள்ளிய பூக்கள்

கனடாவில் முதல் பனி விழுமுன்பே பரிமளம் தோட்டத்துத் தக்காளியில் மூன்று கொப்புகளை முறித்துவந்து, தண்ணீர்ப் போத்தலில் வேர்விட வைத்தாள். பிறகு சாடிகளுக்கு மாற்றி, ஜன்னலோரம் கணவர் சிற்றம்பலத்தின் கட்டிலுக்கு அருகில் நிறுத்தினாள். வைகாசியில் மண் இளகினால்தான் அவற்றை வெளியே நடலாம். அதுவரை காய்க்க விட்டால் செடியின் பலமெல்லாம் காய்க்கே போய்விடும். செடிக்கு அது தெரியுமா? தை மாதமே பூக்கத் தொடங்கிவிட்டது. அவள் காலைதோறும் பூக்களைக் கிள்ளி எறிந்தாள்.

"இஞ்சாரும், ஒண்டையாவது விடுமன்" என்றார் அவர். "நான் மாசியைத் தாண்டமாட்டன் எண்டு டொக்டர் சொன்னது உமக்கும் கேட்டதுதானே. ஒரு பழம் திண்டிட்டுப் போறன்."

"பழம் ஆடியிலதான். தோட்டத்தில பிடுங்கித் தருவன். அதுக்கு முதல் இந்த வீட்டில ஆருக்கும் பழமில்லை."

"கல்நெஞ்சுக்காரி."

"ஓம், கல்லுத்தான். இப்ப வாயைத் திறவுங்கோ, கஞ்சி ஆறுது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மாசி நடுவில் ஒருநாள் காலை அவள் வந்து பார்த்தபோது, கட்டிலோரச் செடியில் ஒரு பூவும் இல்லை. போர்வைமேல் நாலைந்து மஞ்சள் பூக்கள் கிடந்தன. சிற்றம்பலத்தின் விரல்நுனிகளில் தக்காளிப் பச்சை அப்பியிருந்தது.

"அந்தக் கடைசிச் சாடி எனக்கு எட்டேல்லை" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "இஞ்சால தள்ளிவிடும்."