எழுதாத சீட்டு

“எக்கா, ஒரு சொட்டு தடவுனா யாருக்குத் தெரியப் போவுது? கழுத்தக் காட்டுங்கோ!”

மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தாள் விக்டோரியா. பக்கத்தில் இருந்த ஜெயபாய் சட்டென்று விலகினாள். விலகின வேகத்தில் கழுத்து சுளீரென்றிருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் மக்கா. அத உள்ள வையி.”

விக்டோரியா இராஜாக்கமங்கலத்துக்காரி. இருபது வருஷமாகத் தலையில் மீன் கடவப்பெட்டி சுமக்கிறவள். ஜெயபாய் புதுக்கடைச் சந்தைக்குக் கருப்பட்டி சுமக்கிறவள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இரண்டு பேருக்கும் கழுத்து வலிதான் உறவு. இந்த வராந்தாவில் வைத்துத்தான் பழக்கம்.

அந்த 1953-ஆம் வருஷம் டாக்டர் ராகேல் ஒரு சோதனை தொடங்கியிருந்தார். தலைச்சுமைக்காரிகளின் கழுத்து வலிக்கு எது கேட்கும்? தோவாளை வைத்தியர் கோலப்ப ஆசான் காய்ச்சின எண்ணெய் போட்டு நீவி விடுவதா, ஆஸ்பத்திரி மாத்திரையா? நாற்பது பெண்கள், நாற்பது நாள். பானைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். சிவப்புக் கோடு போட்ட சீட்டு எடுத்த இருபது பேருக்கு எண்ணெய். எழுதாத வெறும் சீட்டு எடுத்த இருபது பேருக்கு மாத்திரை மட்டும். “மாத்திரைக்காரங்கள்ல ஒருத்தர் மறைச்சு எண்ணெயத் தொட்டாலும், நாப்பது பேர் பட்ட பாடும் வீண்” என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

விக்டோரியாவுக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. முன்பெல்லாம் பின்னாலிருந்து யாராவது “மீனே!” என்று கூப்பிட்டால், மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி முழு உடம்போடு திரும்புவாள். இப்போது கிளி மாதிரித் தலையைத் திருப்புகிறாள். ஜெயபாய்க்கு வெறும் சீட்டு.

“ஒங்க சீட்ட டாக்டரம்மா முன்னயும் பின்னயும் எத்தன தடவ திருப்பிப் பாத்தா! எழுதாத சீட்டுல என்னத்த வாசிச்சாளோ!”

ஜெயபாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் கழுத்து வலித்தது.

“அன்னைக்கு முப்பத்தொம்பது பேரு வந்து, ஒரு ஆளு கொறஞ்சு, உச்சிப் பொழுது வரைக்கும் காத்துக் கெடந்தோம். நீங்க வந்த பெறவுதான் எண்ணிக்க தெகஞ்சுது. அதுக்காவது அவளுக்கு ஒரு எரக்கம் வேண்டாமா? ஆமா, நீங்க ஒறங்குதியளா எக்கா?”

“செவுத்துல சாஞ்சு இருந்துக்கிடுவேன். இன்னும் ஏழு நாளுதான?”

“நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கணும், அவ பேரு பேப்பர்ல வரணும். கல்லு மனசுக்காரி!”

“அப்பிடிச் சொல்லாத!” ஜெயபாயின் குரல் திடீரென்று கடுத்தது. பிறகு தணிந்தாள். “வலியப் பொறுத்துக்கிடலாம் மக்கா. சோதன பொய்யாப் போனா பொறுக்க முடியுமா? இங்க நெசம் தெரிஞ்சா, மலையோரம் கடலோரம்னு சொமக்கியவ அத்தன பேருக்கும்லா கொணம்!”

குப்பி மடிக்குள் திரும்பப் போயிற்று. விக்டோரியாவின் கோபம் மட்டும் வெளியேயே நின்றது.

நாற்பதாம் நாள் வந்தது. சுவரில் கோடு கோடாக அடையாளம் போட்ட அட்டை. அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலை எந்தக் கோடு வரை போகிறது என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, டாக்டர் நோட்டில் எழுதுவார்.

“பதினேழாம் நம்பர்!”

விக்டோரியா ராணி மாதிரிப் போய் உட்கார்ந்தாள். கடைசிக் கோடுவரை தலையைத் திருப்பிக் காட்டினாள். “திருவனந்தபுரத்துல பெரிய டாக்டர்மாருக்கு முன்னால என் கழுத்தப் பத்தி வாசிக்கப் போறாவளாம். கேட்டியளா?” என்று வராந்தாவுக்கே அறிவித்தாள்.

கடைசியாக ஜெயபாய். முதல் நாள் நின்ற கோட்டிலேயே தலை நின்றுவிட்டது. டாக்டரின் பேனா ஒரு நொடி தயங்கி, பிறகு எழுதியது.

விக்டோரியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்கோ. எனக்கு நல்லாச்சு, சந்தோசம். இந்த எக்கா நாப்பது நாளா ஒறங்கல்ல. நான் களவா எண்ணெய நீட்டியும் தொடல்ல. ஒரு பொம்பள கண்ணு முன்னால இந்தப் பாடு படுகத பாத்துக்கிட்டு ஒங்களுக்கு எப்பிடி எழுத வந்துது? ஒங்களுக்குத் தாய் உண்டுமா, இல்லியா?”

டாக்டர் நோட்டில் இருந்த நாற்பது வரியையும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

“எண்ணெய் போட்ட இருபது பேர்ல பதினாறு பேருக்கு நல்ல குணம். மாத்திரையில நாலே பேர்தான். சோதனை முடிஞ்சுது. இனி எல்லாருக்கும் எண்ணெய் உண்டு.”

கையெழுத்துப் போட்டு நோட்டை மூடினார். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, நர்ஸை விலக்கிவிட்டு, தானே ஜெயபாயின் பின்னால் வந்து நின்றார். கடவம் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன அந்தக் கழுத்தைத் தொட்டதும் டாக்டரின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயோடு சேர்ந்து விழுந்தது.

திரும்பிப் பார்க்க முடியாத ஜெயபாய், தலையை நிமிர்த்தி நேரே பார்த்தபடி சொன்னாள்:

“ஏட்டி, என்னத்துக்கு அழுக? ஒன்ன டாக்டருக்குப் படிக்க வைக்க முப்பது வருசம் சொமந்த கழுத்து, இன்னும் ஒரு நாப்பது நாளு சொமக்காதா? விக்டோரியா கேட்டாள்லா, தாய் உண்டுன்னு சத்தமாச் சொல்லுட்டி!”