பின்வாங்காத படை

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிப்பாய்கள் வரும் விஞ்ஞானக் கதையைப் படித்துவிட்டு, விடுதி மேசையில் நானும் கல்யாணமும் களிமண்ணால் வயலும் படைகளும் செய்து விளையாடினோம். விதி இதுதான்: பயம் கிடையாது, பின்வாங்கக் கூடாது.

ஊரில் கூலித் தகராறு. அவன் அப்பா மிராசுதார், என் அப்பா சங்கம். மறுநாள் அடிதடிக்கு இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், நிற்பதாக நாங்கள் செய்த சிப்பாய்கள் முழங்கால் மடித்து, இரு படையும் கலந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கூலி பேசி முடியும்வரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

“ஏன்டா, நீயா மடக்கினே?” என்றான் கல்யாணம்.

“இல்லடா மிராசு. உட்காரக் கூடாதுன்னு விதியில போடலியே.”

மறுநாள் வெறுங்கையோடு போய் இருவரும் ஊர் வரப்பில் உட்கார்ந்தோம். கம்போடு வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். எங்கள் பக்கத்தில், ஈரமண்ணில், விரல்நுனி அளவில் யாரோ உட்காரும் தடங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.